தீனியைத் துப்பிய மீனும் உங்கள் மகளும்

அம்மா, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்க வந்து நேற்று நீங்கள் அழுதபோது "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். சும்மா சொன்னது அது. மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வீட்டை அடமானம் வைத்தால் எதுவும் சரியாகாது. பெரியப்பா சொல்கிறார், அத்தை கேட்கிறார், சரி. வட்டி கட்டப்போவது அவர்களில் யார்?

நீங்கள் பேசிய அரைமணி நேரமும் உங்கள் மகள் என் அறையிலிருந்த மீன்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "சார், மீன் தீனியை வாயில வாங்கித் துப்புது. குருணை பெருசா இருக்கு" என்றாள். மாலையில் உடைத்துப் போட்டேன், விழுங்கியது. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை!

அவளுக்கு நான் சொல்வது மீன்வளப் படிப்பு. அந்தப் பேச்சை எடுத்ததும் "வலை வீசவா?" என்று மாமா சிரித்தாராம். உலகில் 2022-ல் முதன்முறையாக, பிடித்த மீன், இறால் வகைகளைவிட வளர்த்தவை அதிகம். பண்ணைச் செலவில் பாதிக்குமேல் தீவனத்துக்கே போவது சகஜம். அதனால் மீனுக்கு எதை, எவ்வளவு ஊட்டுவது என்று படிக்கும் தீவன ஊட்டவியலைப் பாருங்கள். அதிலும் அதிகம் பேர் எட்டிப்பார்க்காத மூலை ஒன்று உண்டு: பழக்கழிவு.

ஜூஸ் ஆலைகள் தள்ளிவிடும் ஆரஞ்சுத் தோல், மாதுளைத் தோல், திராட்சைச் சக்கை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் முழுதாக நிறுத்தியது. மாற்றுத் தேடுகிறவர்களுக்கு இந்தத் தோலிலுள்ள பாலிஃபீனால் என்ற தாவரச் சத்தும் பெக்டின் என்ற நார்ச்சத்தும் கண்ணில் பட்டன. ஆனால் அள்ளிக் கொட்ட முடியாது. மாதுளைத் தோலில் துவர்ப்பைத் தரும் டானின் மிஞ்சினால் புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிக்கவிடாது. அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை. பூச்சிமருந்து எச்சம் வேறு. உலர்த்தி, அரைத்து, சலித்து, கிலோ தீவனத்துக்கு 5, 10, 20 கிராம் என்று கலக்க வேண்டும். கலக்காத தீவனத்தோடும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று தொட்டி திலாப்பியா குஞ்சுகள், எட்டு வாரம். ஒரு கிலோ எடை கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் தின்றது, இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் லைசோசைம் எவ்வளவு, கடைசியில் மீனுக்கு நோய் தரும் ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்தினால் எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்பார்கள். துப்புகிற மீனைக் கவனிக்கும் பொறுமை இல்லாதவருக்கு இது ஆகாது. கையும் நாறும்.

பழத்தோல் மட்டும் தெரிந்தால் சம்பளம் வராது. தீவன ஆலையின் தரச்சோதனைக் கூடமும் கலவைக் கணக்கும்தான் சோறு போடும், பழத்தோல் அவளுடைய தனித்திறமையாக இருக்கட்டும். இதற்கும் பணம் கொடுத்து இடம் வாங்காதீர்கள். அரசுக் கல்லூரியில் கிடைக்காவிட்டால் விலங்கியலோ உயிர்வேதியியலோ படிக்கட்டும். அதை வைத்து முதுநிலையில் மீன் ஊட்டவியல் எடுக்க முடியுமா என்று சேரும் முன்பே பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த வாரம் அவளைத் தனியாக அனுப்புங்கள். பெரியப்பா வேண்டாம்.