சதுரகிரி ஏறிய கால்கள் இமயமலைக்குப் போதுமா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். சதுரகிரி, வெள்ளியங்கிரி ஏறிய பழக்கம் உண்டு. கூட்டமில்லாத, உயரமான இமயமலைப் பாதை ஒன்றில் நடக்க ஆசை. எவ்வளவு கஷ்டம்? பட்ட கஷ்டத்துக்குப் பலன் இருக்குமா?

பதில்:

கால்கள் போதும். மூச்சைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நானும் மதுரைதான், புதூர்க்காரன். இமாசலப் பிரதேசத்தில் கின்னௌரிலிருந்து ஸ்பிதிக்குப் போகும் பாபா கணவாய் வழியாக நண்பர்களோடு நடந்திருக்கிறேன். காப்னு என்ற ஊரில் தொடங்கி, 4,900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கணவாயைத் தாண்டி, மூத் என்ற சிற்றூரில் இறங்க வேண்டும். பெயர்பெற்ற பாதைகளில் கூடாரம் போட இடம் பிடிக்க வேண்டியிருக்கும். இங்கே பகல் முழுக்க நடந்தாலும் எதிரில் ஓர் ஆள் வருவது அபூர்வம். அமாவாசைக்கு அமாவாசை சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறையில் வரிசையில் நின்று ஏறிய நமக்கு முதல் நாள் அது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

மதுரை கடல் மட்டத்திலிருந்து 130 மீட்டர் போல உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டர். உயரத்தின் தொல்லை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர்தான். ஆகவே இங்கே எந்த மலையில் ஏறிப் பழகினாலும் அந்தக் கணவாயின் உயரத்துக்கு உடலைத் தயார் செய்ய முடியாது. மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் அழுத்தம் குறைந்துவிடுவதால், கணவாயின் உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் மதுரையில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும். உடற்பயிற்சி செய்து கட்டுமஸ்தாக இருப்பவரும் இதில் விதிவிலக்கில்லை. சொல்லப்போனால் அவருக்குத்தான் ஆபத்து அதிகம், வேகமாக ஏறிவிடுவார்.

3,000 மீட்டரைக் கடந்த பிறகு, இரவு தங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது பொதுவான விதி. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்துவிட்டால் மேலே ஓர் அடிகூட வைக்கக்கூடாது. குறையவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். அலட்சியம் செய்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். எங்களோடு வந்த நண்பர் ஒருவருக்குக் கணவாய்க்குக் கீழுள்ள முகாமில் வாந்தி எடுத்தது. வழிகாட்டி வாக்குவாதத்துக்கே இடம் தரவில்லை. பெட்டியைக் கட்டச் சொல்லி, அன்று மாலையே அவரைக் காரா புல்வெளிக்கு இறக்கிவிட்டார். மறுநாள் காலையில் நண்பர் சப்பாத்தி கேட்டாராம்!

கூட்டமில்லாத பாதையின் உண்மையான கஷ்டம் இதுதான். செல்போன் சிக்னல் கிடையாது, கடை கிடையாது, ஆம்புலன்ஸ் வரச் சாலை கிடையாது. உதவி என்பது உங்களோடு நடப்பவர்கள் மட்டுமே. அதனால் தனியாகப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டி அவசியம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தேனிப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நம் வீட்டுக்குப் பக்கத்து மலையிலேயே உதவி மேலே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அன்று பார்த்தோம்.

சோறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் அரிசி வேகாது, பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போதாததற்குப் பசியும் போய்விடும். பிடிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இரவில் இரண்டு மூன்று முறை கூடாரத்தை விட்டு எழுந்து போக நேரும். அந்தக் குளிரில் எழுவது கணவாய் ஏறுவதைவிடக் கடினம் என்பது என் கருத்து.

இனி பலன். இமயமலை நடை என்றால் நாள் முழுக்க ஏறுவது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. காலையில் ஐந்தாறு மணி நேரம் நடை, பிறகு முகாம். மிச்சப் பொழுது முழுவதும் சும்மா இருக்க வேண்டும், உடல் அந்த உயரத்துக்குப் பழகட்டும் என்பதற்காக. நம் ஊரில் சும்மா இருக்க யார் விடுகிறார்கள்? கோவிலுக்குப் போனாலும் ஒலிபெருக்கி, பஸ்ஸில் ஏறினாலும் பாட்டு. காராவில் முதல் மதியம் எனக்கு எரிச்சலாக இருந்தது. கை அடிக்கடி பையிலிருந்த செல்போனைத் தேடியது. அடுத்தடுத்த நாள்களில் அந்த எரிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை. கிடை போட்டிருந்த கீதாரி ஆடுகளை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் எனக்கும் பொதுவான மொழி இல்லை, தேநீர் மட்டும் இருந்தது.

அமைதி என்றால் சத்தமே இல்லாமல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மதியத்துக்குமேல் ஓடைகள் இரைச்சலோடு பெருகும். அதனால்தான் ஓடையைக் காலையிலேயே கடக்கச் சொல்கிறார்கள். விடியற்காலையில் அதே ஓடை முழங்காலுக்குக் கீழே முனகிக்கொண்டு போகும். தண்ணீர்தான் உயிரை உறைய வைக்கும்.

கணவாயின் மேல் நின்றால் இரண்டு உலகம் தெரியும். வந்த பக்கம் காடும் புல்லும் ஈர மேகமும். போகும் பக்கம் பழுப்பும் ஊதாவுமாக மொட்டை மலைகள். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும்போது வெறும் காற்றாகிவிடுகிறதே, அதே கதைதான், பல மடங்கு பெரிய அளவில். அந்தப் பக்கத்து இறக்கம் சரளைச் சரிவு. முட்டியைப் பதம் பார்க்கும். கடைசியில் மூத் ஊரின் பச்சைப் பட்டாணி வயல்களைக் கண்டபோது, வெறும் பச்சை நிறத்துக்கு ஒரு மனிதன் இவ்வளவு மகிழ முடியுமா என்று தோன்றியது.

தயாரிப்புக்கு வண்டியூர் கண்மாய்க் கரையில் நடப்பது மட்டும் போதாது, அது சமதளம். முதுகில் ஏழெட்டுக் கிலோ சுமையோடு, அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை வேன் ஏறாமல் போய் வாருங்கள். இறங்கும்போதும் நடந்தே இறங்குங்கள். முட்டிக்கு அதுதான் பயிற்சி. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். உயரத்தின் தொல்லையைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையையும் அவர் சொன்னால் மட்டுமே எடுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பொதுவாக ஏற்ற காலம். மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் இருக்கிறது. அங்கிருந்து சிம்லா வழியாக வாங்டு போய், காப்னுவுக்குப் பிரியும் சாலையைப் பிடிக்க வேண்டும். காப்னுவில் ஒன்றுக்கு இரண்டு இரவு தங்கிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் இந்தப் பாதையை இந்த வருடம் விட்டுவிடுங்கள்.