64 மார்க்குக்கு எதற்கு இனிப்பு?

கேள்வி: என் மகளுக்கு பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க அழைப்பு வந்திருக்கிறது. கடிதத்தில் ‘கண்டிஷனல் ஆஃபர்’ என்று போட்டிருக்கிறார்கள். சீட் உண்டா, இல்லையா? போன வருடம் அங்கே போன பக்கத்து வீட்டுப் பையன் 64 மார்க் எடுத்தானாம்; அதற்கு அவன் அம்மா தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். என் மகள் இங்கே 87 சதவீதம் எடுத்தவள். மாட்யூல், கிரெடிட், ட்யூட்டர் என்று என்னென்னவோ சொல்கிறாள். கொஞ்சம் விளக்குங்களேன்.
— ஒரு வாசகி, சேலம்

பதில்: முதலில் சீட். உண்டு, ஆனால் ஒரு ‘ஆனால்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறுதி மார்க் ஷீட், ஆங்கிலத் தேர்வில் இவ்வளவு மதிப்பெண் என்று கடிதத்திலேயே நிபந்தனைகள் இருக்கும். அவற்றைக் கொடுத்துவிட்டால் ஆஃபர் ‘அன்கண்டிஷனல்’ ஆகிவிடும். பல பல்கலைக்கழகங்கள் அடுத்து ஒரு தொகையை முன்பணமாகக் கட்டச் சொல்லும். அதன் பிறகு வருவதுதான் ‘காஸ்’ (CAS), அதாவது உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பல்கலைக்கழகம் தரும் உறுதி. முத்திரை குத்திய காகிதம் கூரியரில் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது வெறும் ஓர் எண். அந்த எண் இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும்.

அடுத்து, அந்த இனிப்பு. பக்கத்து வீட்டு அம்மா சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். அங்கே முதுகலையில் பெரும்பாலும் 50 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் ‘மெரிட்’, 70 எடுத்தால் ‘டிஸ்டிங்ஷன்’. இளங்கலையில் 40 பாஸ். 70க்கு மேல் ‘ஃபர்ஸ்ட்’, 60 முதல் 69 வரை ‘டூ ஒன்’, 50 முதல் 59 வரை ‘டூ டூ’. நம் ஊரில் 60 எடுத்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே அதே 60 இரண்டாம் வகுப்பின் மேல்படி. ஆனாலும் பல நிறுவனங்கள் வேலைக்குக் கேட்பது அந்த ‘டூ ஒன்’னைத்தான். கணக்குப் போட்டு விடை காணும் பாடங்களில் 90 கூட வரும். கட்டுரை எழுதும் பாடங்களில் 80ஐத் தாண்டுவது அபூர்வம். 100க்கு 100 என்பது அங்கே நிரப்புவதற்காக வைத்த பாத்திரமே இல்லை.

உங்கள் மகளைப் பற்றி எனக்கு ஒரு சின்னக் கவலை உண்டு. புதிய சொற்களை அவள் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வாள். ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான் காலை வாரும். ‘எனக்கு அரியர் கிடையாது’ என்று அவள் பெருமையாகச் சொன்னால், வாடகை பாக்கி இல்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். ‘போன வருடம் பாஸ் அவுட் ஆனேன்’ என்றால் மயங்கி விழுந்த கதை என்று எண்ணிப் பதறுவார்கள். ‘ஃபேகல்டி’ என்று நாம் ஆசிரியரைச் சொல்கிறோம்; அங்கே அது பல துறைகள் சேர்ந்த ஒரு பெரிய பிரிவு. நம் கல்லூரிகளில் பாடம் நடத்தும் எல்லோரும் பேராசிரியர். அங்கே ‘புரொஃபசர்’ என்பது உச்சிப் பதவி. மற்றவர்கள் லெக்சரர், சீனியர் லெக்சரர். சாரா, மேடமா என்று குழம்பவே வேண்டாம், பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது வாயில் வர ஒரு மாதமாவது ஆகும்.

‘ட்யூட்டர்’ என்றால் டியூஷன் எடுப்பவர் இல்லை. ‘பெர்சனல் ட்யூட்டர்’ என்று ஒருவரை அவளுக்கு ஒதுக்குவார்கள். படிப்பில் சிக்கல், உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை, எதுவானாலும் முதலில் போய்ச் சொல்ல வேண்டிய ஆள் அவர். நம் பிள்ளைகள் தப்பு செய்தால்தான் ஸ்டாஃப் ரூமுக்குப் போக வேண்டும் என்று நினைத்து அவர் பக்கமே தலைகாட்டுவதில்லை. இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்.

மாட்யூல் என்பது நாம் ‘பேப்பர்’ என்கிறோமே, அதுதான். ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு உண்டு. முதுகலைப் பட்டத்துக்கு மொத்தம் 180. ஒரு கிரெடிட் என்றால் சுமார் 10 மணி நேர உழைப்பு. அப்படியானால் 20 கிரெடிட் பாடத்துக்கு 200 மணி நேரம். அதில் வகுப்பில் உட்காருவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் அவளாகவே படித்து எழுத வேண்டியது. அட்டவணையைப் பார்த்துவிட்டு ‘வாரத்தில் மூன்று நாள் லீவும்மா’ என்று ஃபோன் பண்ணுவாள். நம்பாதீர்கள்.

அப்புறம், ‘கொல்யூஷன்’ என்று ஒரு சொல். தனியாக எழுத வேண்டிய அசைன்மென்டை நண்பர்கள் சேர்ந்து எழுதிக் கொடுப்பது. நமக்கு அது தோழமை, அவர்களுக்கு அது குற்றம். பார்த்து எழுதினவரோடு, காட்டினவரும் சேர்ந்து மாட்டுவார். காய்ச்சல் கீய்ச்சல் வந்து குறித்த நாளில் கொடுக்க முடியாது என்று தெரிந்தால், ‘மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்’ என்று ஒரு படிவம் உண்டு; சில இடங்களில் ‘எக்ஸ்டென்யுவேட்டிங்’ என்பார்கள். கூடவே மருத்துவர் சான்றும் கேட்கலாம். கெடு முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். சொல்லாமல் தாமதித்தால் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள்.

பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில் முதல் மார்க் வந்துவிடும். 58 என்று அவள் இழுத்தால், ‘பாஸுக்கு 50தானே?’ என்று கேளுங்கள், மூச்சு வரும். 68 என்றால் கால் கிலோ மைசூர்பாகு. 72 என்றால், இந்த முறை தெருவுக்கு இனிப்பு உங்கள் செலவு.