படகைக் கட்ட எந்த பெல்ட்?

கேள்வி (காவேரிப்பாக்கம் வாசகர்): 14 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழைய ட்ரெய்லரோடு சேர்த்து வாங்கியிருக்கிறோம். எஞ்சின், வலை எல்லாம் சேர்த்து 450 கிலோ வரும். மீன் பிடிக்க ஏரி ஏரியாகக் கொண்டு போக வேண்டியிருக்கிறது. நைலான் கயிறு போட்டுக் கட்டினால் வாலாஜா தாண்டுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. லாரி சாமான் கடையில் ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் என்று, கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் காட்டுகிறார்கள். பெரிய பெல்ட் ஒன்றை வாங்கி மேலே குறுக்கே போட்டு இறுக்கிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ஃபைபர் படகுக்கு அது ஆபத்தும்கூட. ரெண்டு இஞ்ச் ராட்செட்டின் நீளக் கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்தினால் விளிம்பில் கீறல் விழும், மெல்லிய உடலாக இருந்தால் வெடிப்பும் விடும். பெல்ட்டின் அகலத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அதில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள்.

நைலானையும் தவிர்த்துவிடுங்கள். அது இழுத்தால் நீளும், ஏரித் தண்ணீரில் நனைந்தால் இன்னும் நீளும், அதனால்தான் நீங்கள் இறுக்கிய கட்டு வழியில் தொளதொளக்கிறது. பாலியெஸ்டர் அந்த அளவு நீளாது, வேலூர் வெயிலையும் நன்றாகவே தாங்கும். ஐரோப்பிய முறையில் தயாரான பெல்ட் என்றால் பாலியெஸ்டருக்கு நீலச் சீட்டு, நைலானுக்குப் பச்சை, பாலிப்ரொப்பிலீனுக்குப் பழுப்பு.

கடைக்காரர் ‘ரெண்டு டன் தாங்கும்’ என்றால் அது பெரும்பாலும் பெல்ட் அறுந்து போகும் அளவு. நமக்கு வேண்டியது வேலைப்பளு, அதாவது பயன்படுத்தும்போது பெல்ட் பாதுகாப்பாகத் தாங்கும் அளவு. அமெரிக்க வழக்கில் அது அறும் அளவில் மூன்றில் ஒரு பங்கு, சீட்டில் டபிள்யூ.எல்.எல். என்று இருக்கும். ஐரோப்பிய வழக்கில் பாதி, எல்.சி. என்று போட்டு டெக்கா நியூட்டனில் எழுதியிருப்பார்கள், ஒரு டெக்கா நியூட்டனைச் சுமார் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணும் இல்லாத பெல்ட்டை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். சட்டென்று பிரேக் போட்டால் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னே பாயும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம், 450 கிலோவுக்கு அது 360 கிலோ. அதனால் பின்பக்கம் இடம், வலம் இரண்டு கொக்கி வளையங்களிலிருந்தும் ட்ரெய்லர் சட்டத்துக்கு ஆளுக்கொரு பெல்ட், ஒவ்வொன்றும் 500 கிலோ வேலைப்பளு உள்ளதாக வாங்குங்கள். ஒன்றேகால் இஞ்ச் அகலத்திலேயே கிடைக்கும், ரெண்டு இஞ்ச் தேவையில்லை. முன்னால் இருக்கும் வின்ச் பெல்ட் படகை ட்ரெய்லர் மேல் இழுக்கத்தான், அதன் பல் ஒரு குலுக்கலில் நழுவலாம். மூக்கு வளையத்திலிருந்து தனியாக ஒரு சங்கிலி போடுங்கள். அப்புறமும் குறுக்கே ஒன்று வேண்டுமென்றால், விளிம்பில் ரப்பர் துண்டு வைத்து, அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

கொக்கியைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். வேகத்தடையில் ட்ரெய்லர் துள்ளி இறங்கும் அந்த ஒரு நொடி பெல்ட் தளரும், அப்போது வாய் திறந்த ‘எஸ்’ கொக்கி வளையத்தைவிட்டுக் கழன்றுவிடும். நாக்கு வைத்த கொக்கியாகக் கேட்டு வாங்குங்கள். கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி (திருப்பத்தூர் வாசகர்): ஏலகிரிக்குப் பெடல் படகு ஏற்றிப் போகும்போது பெல்ட் காற்றில் படபடவென்று அடிக்கிறது. முடிச்சுப் போட்டுக் குட்டையாக்கலாமா?

பதில்: முடிச்சு வேண்டவே வேண்டாம், அந்த இடத்தில் பெல்ட்டின் பலம் பாதியளவுகூடக் குறையலாம். கட்டும்போது பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் படபடப்பு அடங்கும். மீதி நுனியைச் சுருட்டித் தனியாகக் கட்டுங்கள், சக்கரத்தில் சிக்கினால் வம்பு. அந்த 14 கொண்டை ஊசி வளைவிலும் படகு பக்கவாட்டில் தள்ளப்படும், அதனால் இருபுறமும் ஒரே அளவு இறுக்கம் இருக்கட்டும். ஓரம் பிசிறிய பெல்ட்டைத் தைத்துப் போடாமல் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்.