வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுத்தால் உண்மையிலேயே நிற்குமா?

நிற்கும். கொடுக்காவிட்டாலும் நிற்கும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. கையில் சாவி வாங்கிய ஆள் நான்.

பிளஸ் டூ பரீட்சைக்குச் சில வாரமே இருந்தபோது, அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சிவாலய ஓட்டத்துக்குப் போனேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் குமரி மாவட்டத்தில் சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோயில்களை ஓடியும் நடந்தும் கும்பிடுவார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா'. ராத்திரி உறக்கம் கிடையாது. பொன்மனை தாண்டி பன்னிப்பாகம் போகும் வழியில், விடிந்து கொஞ்ச நேரத்தில், விசிறி என் கையிலிருந்து இரண்டு தடவை தானாகத் தெறித்து விழுந்தது. அது வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தால் ஒரு டீக்கடைத் திண்ணை. நாக்கின் ஓரம் கடிபட்டு வாயெல்லாம் ரத்தம், உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் வலி. வலது கையில் யாருடையதோ பைக் சாவி. அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தன. எதிரே ஒருவர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். "மக்கா, சாவியத் தாறியா? வண்டி எடுக்கணும்" என்றார். அவர் நல்ல மனுஷன். நாக்கைக் கடிக்காமலிருக்க டீக்கடை ஸ்பூனை என் வாயில் திணித்த ஆளைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நாக்கு கடிபட்டது கடிபட்டதுதான், கூடவே ஒரு கடைவாய்ப் பல்லும் போயிற்று.

சரி, சாவி விஷயம். மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. சின்னச் சின்ன மின்துடிப்புகள் மூலம்தான் அவை பேசிக்கொள்கின்றன. சில செல்கள் மற்றவற்றைத் தூண்டிவிடும், சில அடக்கி வைக்கும். மார்த்தாண்டம் சந்தையில் ஆளுக்கொரு விலை பேசிக்கொண்டிருப்பதுபோல அந்த இரைச்சல்தான் இயல்பு. அடக்கும் பக்கம் தளர்ந்து, மொத்தச் சந்தையும் ஒரே தாளத்தில் கூப்பாடு போட்டால் அது வலிப்பு. 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய ஈ.இ.ஜி. அதில் இந்தக் கூப்பாட்டைக் கோடுகளாகவே பார்க்கலாம். (காக்காய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'கால் கை வலிப்பு' வாய்வழி தேய்ந்து காக்கா வலிப்பு ஆகிவிட்டது.)

இந்தக் கூப்பாடு நெடுநேரம் நீடிக்காது. செல்கள் இப்படி எரிபொருளைக் கொட்டி எரிக்கும்போது அடினோசின் போன்ற பொருட்கள் சேர்ந்து, அவையே செல்களை அடக்கிவிடும். பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தானாக நிற்பது இப்படித்தான். இனி சாவியின் கணக்கைப் பாருங்கள். ஆள் விழுகிறார், கூட்டம் கூடுகிறது, ஒருவர் "இரும்பு குடுங்க" என்கிறார், இன்னொருவர் இடுப்பைத் தடவுகிறார், சாவி கைக்கு வருகிறது. அதற்குள் ஒரு நிமிடம் ஓடியிருக்கும். அடுத்த அரை நிமிடத்தில் வலிப்பு நிற்கும், பெயர் இரும்புக்குப் போய்விடும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. ஐந்து நிமிடம் தாண்டியும் வெட்டு நிற்கவில்லை என்றாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வாழ்க்கையில் முதல் வலிப்பு, கர்ப்பிணி, தண்ணீருக்குள் வந்த வலிப்பு என்றால் நின்ற பிறகும் ஆஸ்பத்திரி. அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து எச்சில் வெளியே வழியவிட்டால் போதும். வாய்க்குள் எதுவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம்.

எனக்கு என்ன நோய் என்று பிடிபட்ட கதை வேறு. அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. லீவு நாட்களில் விடியும் முன்பே எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அவருடன் போவேன். பால் எடுக்கும்போது சிரட்டை என் கையிலிருந்து வெடுக்கென்று எகிறிச் சிந்தும். "லேய், உறங்கிட்டே நடக்கியா?" என்று திட்டுவார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓட்டத்தில் விழுந்த பிறகு ஊர்ப்பக்கம் ஒரு டாக்டர் வலிப்பு மாத்திரை கொடுத்தார், ஆனால் கை இப்படி வெடுக்கென்று வெட்டி இழுப்பது கூடிவிட்டது. அதற்குள் அம்மா மந்திரித்த சரடும் கட்டிவிட்டாள். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு நியூரோ டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "காலையில கையில இருக்குற டம்ளர், சீப்பு ஏதாவது தெறிச்சு விழுமா?" என்பதுதான். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி. பதின்வயதில் தொடங்கும், காலையில் எழுந்ததும் கை வெட்டும், உறக்கம் கெட்டால் பெரிய வலிப்பே வரும். கார்பமாசிபின் போன்ற சில மாத்திரைகள் இந்த வகையைக் கூட்டிவிடும். எனக்கு அதைத்தான் கொடுத்திருந்தார்கள். வால்புரோயேட்டுக்கு மாற்றியதும் அடங்கியது. பெண்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்க டாக்டர்கள் யோசிப்பார்கள், கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். வேறு பல வகை வலிப்புகளில் சில வருடம் கழித்து டாக்டரே மருந்தைக் குறைத்து நிறுத்துவதுண்டு. என் வகையில் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், அதனால் தினமும் ராத்திரி போடுகிறேன். தனியாகக் குளத்தில் இறங்குவதில்லை, குளியலறையைத் தாழ் போடுவதில்லை. பால்வெட்டுக்கும் போவதில்லை.

கல்யாணம் பற்றியும் பலர் கேட்பார்கள் என்பதால்: இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பை ஒரு தடையாக வைத்திருந்த வரியை 1999இல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் மறைத்துக் கட்டாதீர்கள். நான் சொல்லித்தான் கட்டினேன்.

போன வருடம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. நான் அவளை ஒருக்களித்துத் திருப்புவதற்குள் ஒரு பாட்டா சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரோடு வாதாட அது நேரமில்லை. "குடுங்க பாட்டா, நான் வச்சுக்கிறேன், நீங்க வாச்சப் பாத்து மணி சொல்லுங்க" என்று வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அவர் மிகவும் பொறுப்பாக எண்ணினார். ஒன்றே முக்கால் நிமிடத்தில் அவள் உடம்பு தளர்ந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். "பாத்தியா, இரும்பு பக்கத்துல இருந்தாலே போதும்" என்றார்.