இசை மணியும் ஈஸி மணியும்

கேள்வி: நாங்கள் ஹூஸ்டனில் வசிக்கிறோம். என் கணவர் பெயர் மணி. அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் மகளுக்கு 'இசை' என்று பெயர் வைத்தால், 'இசை மணி' என்பது ஆங்கிலக் காதுக்கு 'ஈஸி மணி', அதாவது சுலபமாகக் கிடைத்த பணம், என்று ஒலிக்கும், ஒருவரும் மறக்க மாட்டார்கள் என்று மகிழ்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீணாகக் கவலைப்படுகிறேனா?

பதில்: வீண் கவலையே இல்லை, சகோதரி. 'இசைமணி' நம்மிடையே பாடகர்களுக்கு உரிய பட்டம் என்பதால் உங்கள் கணவரின் ஆசை அழகானதே. ஆனால் அவர் ஒருமுறை ரசிக்கும் சிலேடையை, ஒவ்வொரு புதிய வகுப்பிலும் வருகைப்பதிவின்போது குழந்தை கேட்டாக வேண்டும்.

உங்கள் நகரம் போற்றும் ஐமா ஹாக்கின் கதையை அவரிடம் சொல்லுங்கள். 1882இல் டெக்சஸின் மினியோலாவில் பிறந்த அவருக்கு, மறைந்த பெரியப்பா எழுதிய நெடுங்கவிதையின் நாயகி பெயரைத் தந்தை பாசத்தோடுதான் சூட்டினார். குடும்பப் பெயரோடு சேர்ந்தபோது அது ஆங்கிலத்தில் 'ஐ ஆம் அ ஹாக்', அதாவது 'நான் ஒரு பன்றி', என்று ஒலித்தது. 15 மைல் தொலைவில் இருந்த தாய்வழித் தாத்தா, செய்தி அறிந்து தடுப்பதற்கு விரைந்து வந்தும், அதற்குள் பெயர்சூட்டல் முடிந்துவிட்டது. தந்தை பின்னர் மாநில ஆளுநரானதால் கேலி ஊரெங்கும் பரவி, 'நீ ஒரு பன்றி' என்று பொருள்படும் யூரா என்ற தங்கையும் உண்டென்று கதை கட்டினார்கள். உண்மையில் அவருடன் பிறந்தவர்கள் மூன்று சகோதரர்கள் மட்டுமே. 1913இல் ஹூஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியவர்களில் ஒருவராகவும், தம் மாளிகையையே அருங்காட்சியகத்துக்கு அளித்த கொடையாளராகவும் விளங்கிய அந்தப் பெண்மணி, தம் பெயரைப் பிறர் படிக்க முடியாதபடி கிறுக்கலாகவே கையொப்பமிட்டு வந்தார் என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

'இசை'யைக் கைவிட வேண்டியதில்லை. 'இசைவாணி' என்றோ 'இசைச்செல்வி' என்றோ முழுப்பெயர் வையுங்கள். பின்னால் 'மணி' வந்தாலும் அந்த ஆங்கில ஒலி எழாது, வீட்டில் இசை என்றே கூப்பிடலாம். முடிவு செய்த பெயரை ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஹூஸ்டன்காரர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தை மருத்துவமனையிலேயே நிரப்பச் சொல்வார்கள் என்பதால், இதையெல்லாம் இந்த வாரமே இருவரும் பேசிவிடுங்கள்.