மாதக் கடைசிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

மாதம் பிறக்கும்போது நோட்டில் எழுதி வைத்த காரியங்கள் மாதக் கடைசியில் என்ன ஆயின என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நான்கை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கம் போய்விட்டது. பலரும் வேறு வேறு வார்த்தைகளில் அதையேதான் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் நான். வயது 34. மகள் எட்டாவது படிக்கிறாள். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி ஐந்து காரியம் எழுதுகிறேன்: 3,000 ரூபாய் சேர்ப்பது, மளிகைக் கடையில் பாக்கி வைக்காமல் இருப்பது, தினமும் அரை மணி நேரம் நடப்பது, மகளுக்குக் கணக்கு சொல்லித் தருவது, ஸ்கூட்டர் பழகுவது. கடைசித் தேதியில் பார்த்தால் ஒன்றுகூட முழுதாக நடந்திருக்காது. மறுபடி அதே ஐந்தை எழுதுகிறேன். ஆறு மாதமாக இப்படியே போகிறது. நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: கிழித்துவிடாதீர்கள் கண்ணு. ஆறு மாதம் எழுதியிருக்கிறீர்கள், அதை இன்னும் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் 31 வருடம் கணக்கு எழுதியவள் நான். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை பால் அளப்போம். அளந்து முடித்ததும் வரவு எத்தனை லிட்டர், உள்ளூர் விற்பனை எத்தனை, கேனில் ஊற்றி வண்டிக்கு அனுப்பியது எத்தனை என்று ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். சேர்ந்த புதிதில், சாயங்காலக் கணக்கில் தினமும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் குறைந்தது. எனக்குப் பயம். உள்ளூர் விற்பனையில் கொஞ்சம் கூட்டிப் போட்டு, கைக்காசை வைத்துச் சரிக்கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் செக்ரட்டரி பார்த்துவிட்டார். திட்டவில்லை. “குறைஞ்சதக் குறைஞ்சதுன்னே எழுதம்மிணி. அப்பத்தான் எங்க போகுதுன்னு தேட முடியும்” என்றார். மறுநாள் முதல் குறைவை அப்படியே எழுதினோம். மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. செம்பு கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் அளந்தபிறகு ஒரு கை கொசுறு ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தனை கொசுறும் சேர்ந்தால் ஒன்றரை லிட்டர்.

உங்கள் நோட்டில் 1-ஆம் தேதிப் பக்கம் மட்டும் இருக்கிறது. கடைசித் தேதிக்கு எழுத்தே இல்லை. “நடக்கவில்லை” என்பது கணக்கு ஆகாது. எத்தனை நாள் நடந்தீர்கள், எந்தக் கிழமையில் நின்றுபோனது, எந்த வாரம் எவ்வளவு ரூபாய் மிஞ்சியது, எதற்கு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஒன்பது நாள் நடந்திருந்தால் ஒன்பது என்றே எழுதுங்கள். அந்த ஒன்பதை முப்பதோடு சேர்த்துப் பார்த்துத் தோல்வி என்று போட்டால் அந்த ஒன்பது நாளும் காணாமல் போய்விடும்.

இப்போது பணம். உங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை வருகிறது. நோட்டில் மாதக் கணக்கு எழுதுகிறீர்கள். மாதக் கடைசியில் 3,000 எங்கேயிருந்து வரும்? வாரம் 700 என்று எழுதுங்கள். நாலு சனிக்கு 2,800 தானே, 200 குறைகிறதே என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்கு 52 சனிக்கிழமை. நான்கு மாதமாவது ஐந்து சனி வரும். வாரம் 700 போட்டால் வருடக் கடைசியில் 36,400. மாதம் 3,000 போட்டால் 36,000 தான். சம்பளம் கைக்கு வந்ததும், மளிகைக் கடைக்குள் கால் வைக்கும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். ஆர்டர் இல்லாத வாரமும் வரும். அந்த வாரம் 300 தான் என்றால் 300 என்று எழுதுங்கள்.

இன்னொன்று. சேமிப்பும் கடைப் பாக்கியும் ஒரே பணம். அதை இரண்டு வரியாக எழுதியிருப்பதால், ஒரு குறை நோட்டில் இரண்டு குறையாகத் தெரிகிறது. பாக்கி தீரும்வரை அந்த 700 கடைக்கே போகட்டும். தீர்ந்த வாரத்திலிருந்து உங்கள் பெயருக்கு வரட்டும். தபால் ஆபீஸில் ஆர்.டி. என்கிற மாதச் சேமிப்புக் கணக்கில் மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம்.

நடையை இந்த மாதம் அடித்துவிடுங்கள். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருகிற ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது, அரை மணி நேர நடையைத் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். தூக்கத்தைத் தொடாதீர்கள். ஒரே ஷிப்டாகும் மாதத்தின் பக்கத்தில் இப்போதே “நடை” என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறந்துபோகாது. மகளுக்கு நீங்கள் சொல்லித் தருவதைவிட, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெங்காயம் உரிக்கும்போது, அந்த வாரம் போட்ட கணக்கில் ஒன்றை அவள் உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும். அதுவே போதும்.

ஸ்கூட்டர் வரியைப் பார்த்ததும் எனக்கு என் நோட்டு ஞாபகம் வந்தது. 46-ஆவது வயதில் நானும் ஏழு மாதம் “வண்டி பழக வேண்டும்” என்று எழுதினேன். எனக்குப் பயம், எனக்கு வயதாகிவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஏழாவது மாதம் அந்த வரிக்குக் கீழே, ஏன் நடக்கவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு காலையில் போனால் சாயங்காலம் ஐந்துக்கு வருவார். ஐந்து மணிக்கு நான் சொசைட்டியில் இருப்பேன். கணக்கை முடித்து வீட்டுக்கு வந்தால் இருட்டு. வண்டி, நான், வெளிச்சம் மூன்றும் ஏழு மாதத்தில் வேலை நாள் ஒன்றில்கூட ஒரே இடத்தில் இருந்ததில்லை! அதை எழுதிப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மேல் எவ்வளவு குற்றம் சுமத்தியிருந்தேன்.

அடுத்த மாதம் இப்படி எழுதினேன்: “ஞாயிறு, காலைப் பால் முடிந்து எட்டரை மணி, பள்ளிக்கூட மைதானம், கொழுந்தனார் மகள் கூட வருவாள்.” முதல் ஞாயிறு ஸ்டாண்டு எடுக்கவும் தள்ளவும் மட்டும் பழகினேன். இரண்டாவது ஞாயிறு புளியமரம் வரைக்கும் நேராக. மூன்றாவது ஞாயிறு ஊரில் ஒரு சீர், போகவில்லை. நான்காவது ஞாயிறு மரத்தைச் சுற்றித் திரும்ப முடிந்தது. அந்த மாதக் கடைசியில், “மைதானத்துக்குள் ஓட்டுகிறேன், ரோட்டுக்கு இன்னும் போகவில்லை” என்று எழுதினேன். அப்படி எழுதிய பக்கத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. எப்போது, எங்கே, எப்படி என்று சேர்த்து எழுதினால் காரியம் நடக்கிற வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியல் அறிஞர் ஆராய்ந்து 1999-இல் எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

வருகிற 1-ஆம் தேதி இரண்டே வரி எழுதுங்கள். சனிக்கிழமை 700, ஞாயிற்றுக்கிழமை வண்டி. வண்டி யாருடையது, எத்தனை மணி, யார் கூட வருவார் என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் மஞ்சள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், மாதம் ஒரு இலக்கு எழுதிப் பாருங்கள் அப்பா என்கிறான். ஆனியில் நட்டால் மாசி, பங்குனியில்தான் எனக்குப் பணம். நடுவில் மாதாமாதம் எதை எழுதிப் பார்க்கட்டும்?
– விவசாயி, கவுந்தப்பாடி பக்கம்

பதில்: தம்பி, சம்பளக்காரர்களுக்கு மாதம், நமக்கு விதைக்கிற பட்டம். ஆனால் பட்டத்துக்குள்ளும் மாதம் இருக்கிறது. ஆங்கில மாதத்தை மகனுக்கு விட்டுவிட்டுத் தமிழ் மாதம் 1-ஆம் தேதி எழுதுங்கள். களை, உரம், மண் அணைப்பு எல்லாம் உங்களுக்கு அந்தக் கணக்கில்தானே வருகிறது.

“குவிண்டால் இந்த விலைக்கு விற்க வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. 2010-இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதையும், 2012-இல் 5,000-க்கும் கீழே போனதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏறும் ஏறும் என்று மூட்டையைக் குடோனில் வைத்துக் காத்திருந்த வீடுகள் எங்கள் ஊரிலும் உண்டு. உங்கள் கையில் இருப்பது செலவுக் கணக்கு. விதை மஞ்சளுக்கு என்ன, களைக்கு எத்தனை ஆள், என்ன கூலி என்று மாதாமாதம் முடித்து எழுதுங்கள். வெட்டுக்கூலி, வேகவைக்க, காயவைக்க, பாலிஷ் போட ஆகும் செலவும் கடைசியில் சேரட்டும். ஈரோட்டுக்கோ பெருந்துறைக்கோ மூட்டை ஏற்றும் நாளில், குவிண்டாலுக்கு நமக்கு அடக்கம் என்ன என்பது உங்கள் வாயில் இருக்கும். விற்பதா வைப்பதா என்று அப்போது கமிஷன் மண்டியில் நிற்கிற நாலு பேரைக் கேட்க வேண்டியதில்லை.

தண்ணீரும் அப்படித்தான். பவானிசாகர் அணையில் இருப்பு இருந்தால் ஆகஸ்ட் 15 ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். ஆடிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: தண்ணீர் விட்டால் இந்த வேலை, விடாமல் கிணற்றை நம்ப வேண்டி வந்தால் இந்த வேலை. 105 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் பார்க்கிறவர்தானே நீங்கள். அந்த எண்ணையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் இந்த நோட்டுதான் உங்களுக்குப் பேசும்.

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்று இலக்கு வைத்தேன். 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். 24 நாள் ஆகியும் அலாரத்தை நிறுத்திவிட்டுத் தூங்கத்தான் தோன்றுகிறது. என்னிடம் ஏதோ குறை இருக்கிறதா?
– மாணவர், கோவை

பதில்: ஒரு குறையும் இல்லை தம்பி. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதினார். “குறைந்தது” என்ற சொல் உதிர்ந்துபோய் 21 மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. ஒரு பழக்கம் படிய அவர்களுக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதிலேயே கண்டார்கள். 24 நாள் அலாரம் வைத்திருக்கிறீர்கள். இந்த மாதக் கடைசியில் “இத்தனை நாள் எழுந்தேன், எழுந்த நாளில் இவ்வளவு படித்தேன்” என்று எழுதுங்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: வயது 71. வீட்டுக்காரம்மா போய் ஒன்பது மாதம் ஆகிறது. மெஸ்ஸில்தான் சாப்பாடு. உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு “சமையல் பழக வேண்டும்” என்று டைரியில் எழுதினேன். மூன்று மாதமாக எழுதியது எழுதியபடி இருக்கிறது. அடுப்படிக்குப் போனால் திரும்பி வந்துவிடுகிறேன்.
– வாசகர், தாராபுரம்

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். திரும்பி வந்துவிடுகிறீர்கள் என்றால் அதில் சோம்பல் ஒன்றும் இல்லை. அந்த அடுப்படியில் இத்தனை வருடம் நின்றவர் யார் என்று எனக்குத் தெரிகிறது. மூன்று மாதம் ஆனதைப் பற்றி வருத்தப்படாதீர்கள்.

“சமையல்” என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அது நாற்பது வருட வேலை. அந்த இடத்தில் “அரிசிம்பருப்புச் சோறு, செவ்வாய்க்கிழமை, ஒரு வேளை” என்று எழுதுங்கள். நம் வீடுகளில் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, திடீரென்று வந்தால் ஆக்குவது அதுதானே. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி ஊறப் போடுங்கள். பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம் உரியுங்கள். அந்த வேலைக்கு வாசல் திண்ணைக்கு வந்துவிடலாம், அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. ஆறு பல் பூண்டு, ஒரு தக்காளி. சீரகமும் மிளகும் ஒரு சின்னக் கரண்டி தட்டி வையுங்கள். குக்கரில் கடலெண்ணெய் ஊற்றி, கடுகு பொரிந்ததும் இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு, தக்காளி, தட்டி வைத்தது, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் என்று வதக்கி, மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு. கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடினால் மூன்று விசில். ஆவி அடங்கியபின் திறந்து, ஒரு கரண்டி நெய் விட்டுக் கிளறுங்கள். பக்கத்தில் தயிர் இருந்தால் போதும்.

மீதி நாளெல்லாம் மெஸ்ஸிலேயே சாப்பிடுங்கள், அது ஒன்றும் குறைவில்லை. நான்கு செவ்வாய்க்கிழமை கழித்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள். சோறு குழைந்ததா, விதை விதையாக நின்றதா, எத்தனை டம்ளர் தண்ணீர் வைத்தீர்கள் என்று எழுதினால், அடுத்த மாதத்துக்குக் கொள்ளுப் பருப்பு சொல்கிறேன்.