மூடியிருந்த 22 கதவுகள்

கேள்வி: எனக்கு வயது 44. 17 வயதில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து டென்மார்க் வந்தேன். நான் வந்த 1998ஆம் ஆண்டுதான் பொம்மைக் கட்டை செய்யும் லெகோவின் முதல் அட்வென்ட் கலண்டரும் (டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கொரு சிறு கதவாகத் திறக்கும் கிறிஸ்துமஸ் பெட்டி) வெளிவந்தது. அதனாலோ என்னவோ, அவற்றின் மேல் எனக்குத் தனிப் பிடிப்பு. 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் சிட்டி, ஸ்டார் வார்ஸ் என்ற இரு வகைகளிலும் இரண்டிரண்டு பெட்டிகள் வாங்குகிறேன். ஒன்றைப் பிரித்து, உள்ளே உள்ளவற்றை ஆண்டு வாரியாகக் கண்ணாடி அலமாரியில் அடுக்குவேன். மற்றதைப் பிரிக்காமல் வைப்பேன். பிரிக்காதவை இப்போது 28. சிட்டி கலண்டரை மகனும் நானும் தினம் ஒரு கதவாகத் திறப்போம். 2022இல் மட்டும் வரிசை தடைப்பட்டது. டிசம்பர் 2ஆம் தேதி அப்பா தவறிவிட, ஊருக்குப் போய் அந்தியேட்டி என்ற ஈமக் கிரியை வரை முடித்து ஜனவரியில் திரும்பினேன். தன் அம்மா திறக்கச் சொல்லியும் கேட்காமல், நான் வரும்வரை மகன் ஒரு கதவையும் திறக்காமல் வைத்திருந்தான். அவன் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில் மிச்சம் 22 கதவுகளையும் திறந்து, பொருத்தி, அலமாரியில் வைத்து முடித்தேன். இப்போது அவனுக்கு 11 வயது, ஆர்வம் போய்விட்டது. மனைவியோ பெட்டிகளை விற்கச் சொல்கிறார். பணம் வீண், நிலக்கீழ் அறையில் இடமில்லை என்கிறார். இது பிற்காலத்தில் மதிப்புக் கூடும் சேகரிப்பு என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

— ஹெர்னிங்கிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் செலவும் பிள்ளையின் தேவையும் போக மிஞ்சும் பணத்தில் வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள். கடனட்டையில் வாங்குகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். நிலக்கீழ் அறை உங்கள் மனைவிக்கும் சொந்தம், பாதியை அவருக்கு ஒழித்துக் கொடுங்கள். தபால்தலை, பழைய நாணயம், கைக்கடிகாரம், இசைத்தட்டு என்று சேர்ப்பவர்களின் வீடுகளிலிருந்து எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. கணவர் மதிப்பைப் பற்றி எழுதுவார், மனைவி இடத்தைப் பற்றி எழுதுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் உட்கார்ந்து பேசினால் தீர்கிற வழக்கு அது.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. நீங்கள் வரும்வரை மகன் ஒரு கதவையும் திறக்காமல் வைத்திருந்தான் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, அவன் இல்லாத பகலில் எல்லாவற்றையும் திறந்து முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சுக்கூட விடவில்லை. விமானம் தாமதமானதைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அறையில் இடமில்லாத கதைக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்தப் பெட்டி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அட்டை முகப்பில் 1 முதல் 24 வரை எண்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கும். அன்றைய எண்ணைத் தேடிப் பிடிப்பதே பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு. துளையிட்ட கோட்டில் பெருவிரலை அழுத்தினால் கதவு கிழிந்து திறக்கும். உள்ளே ஒரு சிறு பை, பையில் ஒரு கைப்பிடிகூட வராத துண்டுகள். ஒரு நாள் பனிச்சறுக்கு வண்டி வரும், ஒரு நாள் தொப்பி போட்ட ஆள் பொம்மை வரும். 3ஆம் எண் எந்த மூலையில் இருக்கிறது என்று டிசம்பர் 3ஆம் தேதி விடியும்போதே உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். பெருவிரலை வைத்தால் ஒரு நொடி வேலை. அவன் வைக்கவில்லை. 4ஆம் தேதியும் வைக்கவில்லை. அம்மாவே திற என்று சொன்ன பிறகும் வைக்கவில்லை.

அவனைச் சுற்றி ஊரே திறந்துகொண்டிருந்த மாதம் அது. டென்மார்க்கில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 24 கோடு போட்ட மெழுகுதிரியில் நாளுக்கு ஒரு கோடாக எரிந்து இறங்கும். தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் தொடர் நாளொரு பகுதியாக ஓடி 24ஆம் தேதி முடியும். அன்று இரவுதான் டேனியர்களுக்குக் கிறிஸ்துமஸ். அதோடு எல்லார் வீட்டுக் கலண்டரும் தீர்ந்துவிடும். விடுமுறை கழிந்து வகுப்புக்குப் போனால், கடைசிக் கதவுக்குள் உனக்கு என்ன வந்தது என்று யாராவது ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கும். மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற அந்த நாட்களில், அப்பா இல்லாத வீட்டில், எட்டு வயதுப் பையன் 22 கதவுகளுக்குக் காவல் இருந்திருக்கிறான்.

நீங்கள் கோண்டாவில்காரர். நல்லூர்க் கந்தசாமி கோயில் உங்களுக்கு நடை தூரம். கொடியேறிய நாளிலிருந்து எண்ணினால் 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். மஞ்சம் எப்போது, சப்பறம் எப்போது, தேருக்கு இன்னும் எத்தனை நாள் என்று உங்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு வருடம் உங்களுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் எழும்பாமல் எனக்குத் தேர் எதற்கு என்று உங்கள் அப்பாவும் போகாமல் கட்டிலருகே இருந்திருந்தால், அதை இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிய மாட்டீர்களா? உங்கள் மகன் உங்களுக்காகத் தேரையே நிறுத்தி வைத்திருந்தான். நீங்கள் வந்தீர்கள். அவன் இல்லாத நேரத்தில் வடத்தைத் தனியாக இழுத்துத் தேரைத் தேர்முட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள்.

இந்தக் கலண்டர் பிறந்ததே ஒரு பிள்ளையின் காத்திருப்பிலிருந்துதான். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கிறிஸ்தவ வீடுகளில் கதவில் 24 சுண்ணக்கட்டிக் கோடுகள் போட்டு, நாளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளை அழிக்கவிடும் வழக்கம் இருந்தது. மௌல்பிரோன் ஊரில் போதகர் வீட்டுப் பிள்ளை கெர்ஹார்ட் லாங் சிறுவனாக இருந்தபோது, அவருடைய அம்மா ஓர் அட்டையில் 24 சின்னப் பிஸ்கட்டுகளைப் பொருத்திக் கொடுத்து, தினம் ஒன்றை எடுத்துச் சாப்பிட வைத்தார். அதை மறக்காத மகன் வளர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கில் கலண்டராக அச்சிட்டு விற்றார். கதவுகள் அதன் பிறகு வந்தன, சாக்லேட் வந்தது, கட்டைகள் வந்தன. உள்ளே வைக்கிற சாமான் மாறிக்கொண்டே இருந்தது. நாளைக்கு என்பதைத் தாங்கிக்கொள்ளப் பிள்ளைக்குப் பழக்குகிற வேலை மாறவில்லை. 24 நாளைக்கென்று செய்த பெட்டியை வைத்துக்கொண்டு உங்கள் மகன் ஒரு மாதத்துக்கும் மேல் தாங்கியிருக்கிறான். 28 பெட்டி சேர்த்த உங்களைவிட அந்தக் கலண்டரின் பயன் தெரிந்தவன் அவன்தான்.

அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் "வரிசை தடைப்பட்டது."

தம்பி, உங்கள் அப்பா இறந்த வருடம் அது. கொள்ளி வைத்தீர்கள், அந்தியேட்டி முடித்தீர்கள், மகனுக்குரிய கடமையில் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் மகனாகவும் இன்னொரு வீட்டில் அப்பாவாகவும் இருக்கிறவரிடம் இரண்டு கடமையும் ஒன்றாக வந்து நிற்கும். ஊரிலிருந்து திரும்பிய அந்தப் பகலில் உங்கள் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. அப்பாவை எரித்துவிட்டு வந்த கை ஏதாவது ஒரு வேலையைத் தேடும், எதையாவது அடுக்கி முடிக்கப் பார்க்கும். அன்று செய்ததற்கு உங்களை ஏசமாட்டேன். அதன் பிறகு மூன்று வருடமாக அதைப் பற்றி அவனிடம் வாய் திறக்காததற்கு ஏசுகிறேன். பேசியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அன்று பிற்பகல் அவன் வந்து பள்ளிப் பையை இறக்கிவைத்தபோது பெட்டி எங்கே இருந்தது? கிழிந்த கதவுகளோடு மேசையில் கிடந்ததா, அல்லது அதற்குள் கழிவு அட்டைகளோடு போய்விட்டதா? அவன் என்ன கேட்டான்? கடிதத்தில் ஒன்றுமில்லை. அவன் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். 24 பொம்மைகளும் தட்டில் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

11 வயதில் ஆர்வம் போய்விட்டது என்கிறீர்கள். 44 வயதில் உங்களுக்குப் போகாத ஆர்வம் அவனுக்கு மட்டும் எப்படிப் போகும்? அவன் கைவிட்டது உங்களுக்காகக் காத்திருக்கிற பழக்கத்தை. அப்பாவுக்கு நான் தேவையில்லை, சாமான் இருந்தால் போதும் என்று எட்டு வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டினால், அதை வெளியே சொல்லாது. அமைதியாகத் தன் அறைக்குள் போய்விடும். வளர்ந்துவிட்டான் என்று நாமும் நினைத்துக்கொள்வோம்.

என் அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் ஒரு முறை யாழ்தேவியில் வருவார். வீட்டில் ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான் வாங்கி வைத்திருந்தால், அவர் வந்து முதல் ஓலையைப் பிரிக்கும் வரை நாங்கள் ஐந்து பிள்ளைகளும் தொடமாட்டோம். அம்மா போட்ட சட்டமில்லை, நாங்களே போட்டது. ஒரு முறை ரயில் பிந்தி, நாங்கள் தூங்கிய பிறகு வந்தார். ஒரு குட்டானையும் பிரிக்காமல், விடியும் வரை பொறுத்து, எங்களை எழுப்பிவிட்டுத்தான் தேநீருக்கு உட்கார்ந்தார். அவர் எங்களுக்கு வாங்கித் தந்தவற்றில் பாதி எனக்கு நினைவில்லை. அந்தக் காலை நினைவிருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மகனுக்கு அவனுடைய அப்பப்பாவை எவ்வளவு தெரியும்? புலம்பெயர்ந்த நம் வீடுகளில் சாவு ஒரு விமான டிக்கெட்டாக வருகிறது. ஒருவர் போகிறார், எல்லாம் செய்கிறார், திரும்பி வருகிறார். பிள்ளைகளுக்கு அது அப்பா இல்லாத ஒரு மாதம், அவ்வளவுதான். பிள்ளைகளைச் செத்தவீட்டிலிருந்து ஒளித்து வளர்ப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். யார் போனார், எப்படிப் போனார், அவர் நமக்கு என்னவாக இருந்தார் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொல்லும்வரை அந்தியேட்டி முடிந்ததாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உங்கள் மகன் கதவுகளை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தது அதற்காகவும்தான். அந்த வீட்டில் உங்கள் அப்பாவுக்குத் துக்கம் காத்தவன் அவன் ஒருவன்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நிலக்கீழ் அறைக்குப் போங்கள். எல்லாவற்றையும் இரண்டாக வாங்குகிறவர் நீங்கள், ஆகவே 2022 சிட்டி பெட்டி ஒன்று பிரிக்காமல் அங்கே இருக்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள். பிரித்தால் விலை விழும் என்று கை தயங்கும். விழட்டும்.

டிசம்பர் பிறப்பதற்கு முன் ஒரு மாலை அவனை உட்காரவைத்து, அன்று செய்தது பிழை என்று சொல்லுங்கள். நான் களைத்திருந்தேன், துக்கத்தில் இருந்தேன் என்று தொடங்காதீர்கள். நீ எனக்காக வைத்திருந்ததை நான் உன்னிடம் கேட்காமல் திறந்துவிட்டேன் என்று தொடங்குங்கள். அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கமில்லை என்ற சாக்கை என்னிடம் கொண்டுவர வேண்டாம். கேட்ட அப்பாக்களின் வீடுகளை நான் அறிவேன், எதுவும் இடிந்து விழவில்லை.

1ஆம், 2ஆம் கதவுகளை அந்த வருடமே நீங்கள் இருவரும் சேர்ந்து திறந்துவிட்டீர்கள். ஆகவே 2ஆம் தேதி உங்கள் அப்பாவின் படத்துக்கு முன்னால் மூவரும் விளக்கேற்றுங்கள். 3ஆம் தேதி காலை தொடங்குங்கள். எண்ணை அவன் தேடட்டும், கதவை அவன் கிழிக்கட்டும். ஒரு கதவுக்கு அப்பப்பாவைப் பற்றி ஒரு விஷயம் நீங்கள் சொல்லுங்கள். பெரிய கதை வேண்டாம். எந்த வேலியோரம் சைக்கிளைச் சாத்துவார், எதற்குக் கோபம் வரும், உங்களை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கடைசி நாட்களில் என்ன கேட்டார். 22 விஷயம் தேறவில்லை என்றால் ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். மூன்று வருடம் பிந்திவிட்டதே என்று பின்வாங்க வேண்டாம். லெகோவின் சொந்த ஊரான பில்லுண்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1958இல் அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டை இன்றைக்கு வாங்குகிற கட்டையோடும் பொருந்தும் என்று எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

அவன் மாட்டேன் என்றும் சொல்லலாம். 11 வயது, சொல்ல உரிமை இருக்கிறது. கெஞ்ச வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் அவன் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, இந்த முறை நீங்கள் காத்திருங்கள். 24ஆம் தேதி கடந்து போகட்டும், ஜனவரி வரட்டும், பெப்ரவரியும் வரட்டும். அவன் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்தில் அந்த மேசைப் பக்கம் போகாதீர்கள்.